தவசிமுத்துவின் எதிர்ப்பு மனு

என் இதய நோய்க்கான மருந்துக்குக் காப்புரிமை தரக் கூடாது என்று எதிர்ப்பு மனு கொடுத்திருந்தவர், என் உடம்புக்குள் இருக்கும் காவல்காரர் தவசிமுத்து.

எதிர்ப்பவர் நேரில் வர வேண்டும் என்பது காப்புரிமை அலுவலகத்தின் விதி. ஆகவே விசாரணை நாளன்று காலையில் அவர் என் வலது காது வழியாக வெளியே இறங்கினார். காக்கிச் சட்டையின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, தொப்பியை முழங்காலில் தட்டிப் போட்டுக்கொண்டார். நாங்கள் இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். என்றாலும் அவர் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. மீசை முழுக்க நரைத்திருந்தது.

"காப்பி குடிக்கிறீங்களா?" என்றேன்.

"டியூட்டி நேரம்மா," என்றார். சற்றுப் பொறுத்து, "அரைத் தம்ளர் போதும்," என்றார்.

இதயத்தையும் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். பூ வாங்கினால் சுற்றி வைப்பதுபோல அதை ஈரத் துணியில் சுற்றி, ஒயர் கூடைக்குள் வைத்து, மேலே வாழை இலைக் கிழிசல் ஒன்றைப் போட்டு மூடினேன். ஆட்டோவில் கூடை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. தவசிமுத்து வெளியே பார்ப்பதுபோலத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் திடீர் திடீரென்று கூடைக்குள் குனிந்து, "ஏய், யாரு? எங்க போற?" என்று கேட்டார். இதயம் நின்றது. எனக்குக் கண் இருட்டியது. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, போ," என்றதும் அடுத்த துடிப்பு வந்தது.

இதுதான் என் நோய். தன்னுடல் தாக்கு நோய் என்று டாக்டர்கள் எழுதுகிறார்கள். காவலுக்கு இருப்பவர் வீட்டு ஆளையே வெளியாள் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார். நிறுத்திய இடத்தில் துடிப்பு ஒன்று விழுந்துவிடுகிறது. சீர் ஒன்று குறைந்த செய்யுளை யாரோ என் நெஞ்சுக்குள் விடாமல் வாசித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அந்த இடைவெளிகளில் நான் இல்லாத உலகம் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டிருக்கிறேன். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். காக்கை கத்தும்.

இதயம் ஒரு நாள் அலுத்துப்போய், நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாள் தொலைவில் இல்லை என்றும் சொன்னார். எழுபது வயதுக்கு மேல் இதற்கெல்லாம் அலைய வேண்டுமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. ஆனால் ஒரு வாக்கியம் பாதியில் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

"உங்களுக்கு இதயத்துமேல என்ன கோபம், தவசிமுத்து?" என்று ஆட்டோவில் கேட்டேன்.

"கோபம் என்னம்மா கோபம். நீங்க காலேஜ்ல ரெண்டாம் வருசம் படிக்கும்போது ஒரு ஜுரம் வந்துச்சுல்லா. அன்னைக்கு உள்ள வந்த திருட்டுப்பய இவன் முகத்தத்தான் மாட்டிட்டு வந்தான். இதே மூக்கு, இதே நடை. பிடிச்சு வெளிய தள்ளுறதுக்குள்ள எனக்கு உயிர் போயிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் இவன எப்படி நம்ப?"

"இத்தன வருஷமா ஒரே ஆள்தானே வந்து போறான்."

"அதத்தான் நானும் கேக்குதேன். யாருன்னு கேட்டா வாயத் திறந்து சொல்லலாம்லா. சொல்ல மாட்டேங்கான். அவசரமா போணும்கிற மாதிரியே நிக்கான்."

என் இதயம் யாரிடமும் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

காப்புரிமை அலுவலகத்தில் எங்களுக்கு முன்பே சிலர் வந்திருந்தார்கள். எதிர் பெஞ்சில், தனக்கான சொட்டு மருந்தை எதிர்த்து வந்திருந்த கண்புரை ஒன்று வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. மருந்தைக் கண்டுபிடித்த நபீசா ஓடிவந்து என் கூடையை வாங்கிக்கொண்டாள். காயல்பட்டினத்துப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். எட்டு வருடமாக இந்த மருந்தோடு இருக்கிறாள். காப்புரிமை கிடைக்காவிட்டால் இதைத் தயாரிக்க எந்தக் கம்பெனியும் வராது.

"சாப்ட்டீங்களா, ஆன்ட்டி?" என்றாள். பிறகு தவசிமுத்துவைப் பார்த்து, "நீங்க சாப்ட்டீங்களா, சார்?" என்றாள்.

"எதிர்க்கட்சிக்காரன்ட்ட இதெல்லாம் கேக்கக் கூடாது, பாப்பா," என்றார் அவர். ஆனால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆய்வு அதிகாரியின் பெயர் வரகுணன். மெலிந்த, நிதானமான மனிதர். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். நபீசா தன் கண்டுபிடிப்பை மேசைமேல் வைத்தாள். கொய்யாப் பழ அளவில், இளஞ்சிவப்பாக, இதயத்தின் முகத்தோடு அது உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தது.

"இது போலி இதயம், சார். முகம் மட்டும்தான் இதயம். உள்ள ஒண்ணும் கிடையாது. ரத்தத்துல விட்டா, காவல்காரர் இதை நிறுத்தி விசாரிப்பார். அந்த நேரத்துல நிஜ இதயம் அது பாட்டுக்குப் போயிடும்."

"உங்க எதிர்ப்பு?" என்று அதிகாரி தவசிமுத்துவிடம் கேட்டார்.

தவசிமுத்து எழுந்து நின்றார். "என்னைய ஏமாத்துறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. அதுக்கு கவர்மெண்ட் முத்திரை வேற கேக்காங்க. நான் பொறந்ததுலருந்து ஒரு நாள் லீவு போட்டதில்ல சார். தூங்குனதில்ல. அந்த அம்மா கால்ல முள்ளு குத்துன அன்னைக்கெல்லாம் எத்தனை பேர விரட்டிருக்கேன்னு அவுகளுக்கே தெரியாது. கடைசில எனக்குப் பொம்மை காட்டுதாங்க."

அவர் சொன்னது எல்லாம் உண்மை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குறித்துக்கொள்கிறேன்," என்றார் அதிகாரி. "ஆனால் அதற்கு முன்னால் எனக்கே ஒரு ஆட்சேபம் இருக்கிறது. புதுமை இல்லை."

மணி அடித்தார். ஒரு மேஸ்திரி உள்ளே வந்தார். அவர் தோளில் திருஷ்டி பொம்மை ஒன்று இருந்தது. வைக்கோல் திணித்த நீலச் சட்டை, சட்டித் தலை, முறுக்கு மீசை, தொங்கும் சிவப்பு நாக்கு. அதை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அடுத்த தெருவில் பாதி கட்டியிருக்கும் வீட்டிலிருந்து இதை வரவழைத்திருக்கிறேன்," என்றார் அதிகாரி. "கெடுதல் வருகிற பாதையில் ஒரு பொய் உருவத்தை வைப்பது. வருகிற கெடுதல் பொய்யில் விழும், நிஜம் தப்பிக்கும். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த ஒன்றுக்குக் காப்புரிமை தர முடியாது."

"சார், பொழுது சாயறதுக்குள்ள குடுத்துருங்க," என்றார் மேஸ்திரி. "கட்டடம் ஆளில்லாம நிக்குது."

நபீசா பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். எட்டு வருடமும் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டதுபோல இருந்தது. எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. பிறகுதான், மருந்து இல்லாமல் விழப்போவது நான் என்பது நினைவுக்கு வந்தது.

அவள் மெதுவாக எழுந்தாள். "சார், இரண்டும் ஒண்ணுதானான்னு சோதிச்சுப் பார்க்கலாமா? காவல்காரர் முன்னாடி மூணையும் வைங்க. அவர் அவரோட டியூட்டியைப் பார்க்கட்டும்."

அதிகாரி கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வாழை இலையை விலக்கி, என் இதயத்தை எடுத்து நடுவில் வைத்தார்கள். ஒரு பக்கம் திருஷ்டி பொம்மை. மறுபக்கம் போலி. தவசிமுத்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

பொம்மையின் முன்னால் அவர் நிற்கவே இல்லை.

"இதை ஏன் விசாரிக்கலை?" என்று கேட்டார் அதிகாரி.

"இது பொம்மை சார். வைக்கோலு. இதப் போயி யாராச்சும் விசாரிப்பாங்களா? ஊருக்காரங்க கண்ணு படாம இருக்கதுக்கு வச்சது. அசிங்கமா இருந்தாப் போதும், அதுக்கு வேல முடிஞ்சுது."

அதிகாரி கண்ணைத் திறந்து ஏதோ எழுதினார். தவசிமுத்து அடுத்ததாக என் இதயத்தின் எதிரே போய் நின்றார்.

"யாரு?"

இதயம் நின்றது. வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

"எங்க போற?"

அன்று அதன் நிற்பில் ஒரு சோர்வு இருந்தது. துணியின் ஈரம் மேசையில் பரவியது. அறை விளிம்பிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. மின்விசிறி ஓடுவது கேட்டது. வெளியே கண்புரை இருமியது. யாரோ தேநீர்க் குவளைகளைக் கழுவினார்கள். நான் இல்லாத உலகம் இந்த அலுவலகத்திலும் நன்றாகத்தான் நடக்கிறது என்று நினைத்தேன். நபீசா என் தோளைப் பிடித்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது, "ஐயா," என்று ஒரு சின்னக் குரல் வந்தது. "நானும்தான் நிக்கிறேன். என்னைக் கேக்கலையா?"

தவசிமுத்து திரும்பினார். போலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ யாரு?"

"போலி."

"பேரே அதானா?"

"ஆமா."

"யாரு வீட்டுப் பிள்ள?"

"இந்த அக்கா செஞ்சாங்க."

"உள்ள என்ன வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. தட்டிப் பாருங்க."

தவசிமுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். காலிக் குடத்தின் சத்தம் வந்தது. "சரியாத்தான் சொல்லுதான்," என்றார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். "இப்ப எங்க போற?"

"நீங்க விட்டா போவேன். விடலேன்னா இங்கயே இருப்பேன். எனக்கு அவசரமே இல்ல."

தவசிமுத்து அதிகாரியைப் பார்த்தார். "அவசரமில்லன்னு சொன்ன மொத ஆளு சார் இவன்."

பிறகு அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. ஊர், தெரு, பழக்கம், என்ன பிடிக்கும், மழையில் நனைந்திருக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அது பதில் சொன்னது. மேசையின் நடுவில் என் இதயம் ஒருமுறை அசைந்தது. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மறுபடி அசைந்தது. அப்போதும் யாரும் கேட்கவில்லை. சந்தேகத்தோடு கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தது. பிறகு ஓடத் தொடங்கியது. அறை வெளுத்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சீரும் விழவில்லை. இவ்வளவு நீளமான வரியை நான் கேட்டதே இல்லை.

"திருஷ்டி பொம்மை வேறு, இது வேறு. என் ஆட்சேபம் பொருந்தாது," என்று அதிகாரி மேஸ்திரியிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். மேஸ்திரி பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "எதிர்ப்பாளரே, உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று சொன்னீர்கள்."

"எங்க சார் ஏமாத்துறான்? போலின்னு பேரையே சொல்லிட்டாம்லா."

"அப்படியென்றால் அவனை விட்டுவிடலாமே."

"போலின்னு தெரிஞ்ச பிறகு எப்படி விட முடியும்? நல்லா விசாரிக்கணும்," என்றார் தவசிமுத்து. அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. "ஆனா ஒண்ணு. இவன் எவ்வளவு நாளைக்கு இருப்பான்?"

"ஒரு மாசத்துல கரைஞ்சிருவான், சார். அப்புறம் புதுசு வரும்," என்றாள் நபீசா.

"புதுசா வாரவன எனக்குத் தெரியாதுல்லா. பழையவன் கரையறதுக்கு முந்தி, அவனே கூட்டிட்டு வந்து எங்கிட்ட அறிமுகம் பண்ணணும். அதுக்குச் சரின்னா மனுவ வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

நபீசா அதை அங்கேயே எழுதி விண்ணப்பத்தோடு சேர்த்தாள். அதிகாரி படித்துப் பார்த்து, உரிமைக்கோரல்களிலேயே இதுதான் தெளிவாக இருக்கிறது என்றார். காப்புரிமை முத்திரையை என் மணிக்கட்டில் குத்தினார். மை காயும்வரை யாரும் நாடி பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்புரையை உள்ளே அழைத்தார்.

வாசலில் நபீசா என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "பசிக்குது, ஆன்ட்டி," என்றாள். எதிரே இருந்த ஓட்டலில் நாங்கள் மூவரும் தோசை சாப்பிட்டோம். போலி தவசிமுத்துவின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடைக்குள் குனிய அவருக்கு நேரமே இல்லை.

"சாம்பார்ல என்ன காய்னு சொல்லு பார்ப்போம்," என்றார் அதனிடம்.

"முருங்கைக்காய்."

"பொய் சொல்லவே வராது போல இவனுக்கு," என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தவசிமுத்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காது வழியாக உள்ளே போனார். படி வழுக்கும், பார்த்து வா என்று போலியிடம் சொல்வது கேட்டது. இதயத்தை நான் அதன் இடத்தில் வைத்தேன். அந்த மத்தியானம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். அந்தப் பக்கம் நான் படுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆழத்தில் இரண்டு பேர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே வரி போய்க்கொண்டே இருந்தது. அது எங்கே முடியும் என்று பார்க்கலாம் என்றிருந்தேன். அதற்குள் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். திறந்தேன். இத்தனை வருடங்களில் என் இதயம் தவறவிட்ட துடிப்புகள் எல்லாம் வந்திருந்தன. வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை தாண்டித் திரும்பியிருந்தது. சில மழையில் நனைந்திருந்தன. முன்னால் நின்ற ஒன்று இரட்டைப் பின்னல் போட்டு, கல்லூரிப் புத்தகங்களை மார்போடு அணைத்திருந்தது.

"இப்ப உள்ள வரலாமா?" என்று கேட்டது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னேன். உப்புமாவுக்கு ரவை போதுமா என்று பார்க்க அடுக்களைக்குப் போனேன்.