தவசிமுத்து வீட்டுத் தரைக்குப் போட்ட மூணு வார்த்தை

எங்க ஊர்ல ஒரு தரை சமமா இருக்கணும்னா அதுக்கு அடியில ஒரு கிரேக்க வார்த்தையப் புதைக்கணும். சிமெண்டு, ஜல்லி, டைல்ஸ் எல்லாம் அதுக்கு மேலதான். வார்த்தை இல்லாத தரைய எவ்வளவுதான் ரசமட்டம் வச்சுப் பூசினாலும் ஒரே வாரத்துல கிழக்க பாத்துச் சரிஞ்சுரும். கிழக்க உப்பளம் இருக்கு. வாசப்படியத் தாண்டின சாமான் தெருவோட சறுக்கி அங்க போய்ச் சேரும். உப்பளத்துல சேந்ததத் திருப்பிக் கேக்குற வழக்கம் கிடையாது.

நான் நகராட்சி மட்டப் பிரிவுல வார்த்தை போடுற ஆளு. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்.

முன்னாடி தமிழ் வார்த்தையத்தான் போட்டுப் பாத்திருக்காங்க. சமம், தட்டை, மட்டம்னு வரிசையா. ஒண்ணும் நிக்கல. தமிழ் வார்த்தைக்கு மேல வேலை ஜாஸ்தி. டீக்கடையில யாராவது ஒருத்தன இன்னொருத்தன் மட்டமான ஆளுன்னு ஏசினா, புதைச்ச வார்த்தை எந்திரிச்சு அங்க போயிரும். அது திரும்பி வர்றதுக்குள்ள இங்க பானை உருண்டிருக்கும். கிரேக்க வார்த்தைய எங்க ஊர்ல யாரும் கூப்பிடுறதில்ல. போட்ட எடத்துலயே கெடக்கும். அதனால அத வாயால சொல்லக் கூடாது. புதைக்கிறவன் மட்டும் புதைக்கும்போது ஒரு தடவை சொல்லலாம். எழுதினாத் தப்பில்ல. நீங்களும் இத மனசுக்குள்ளயே படிங்க.

ஆபீஸ்ல அஞ்சு விதம் இருக்கு. அஞ்சும் செய்யுறது ஒரே வேலைதான். ஆனா பொறந்த எடம் வேற வேற. குழிய மூடுறதுக்கு முன்னாடி, பொண்ணு பாக்கப் போன வீட்டுல சொல்ற மாதிரி, இன்ன வார்த்தை, இன்னதோட பிள்ளைன்னு பூர்வீகத்தச் சொல்லணும். சொல்லாம மூடினா வார்த்தைக்குத் தான் யாருன்னு தெரியாது, சும்மா கெடக்கும். சொல்லி மூடினா பூர்வீகமும் சேந்து வீட்டுக்குள்ள வந்துரும். இந்த வேலையில இருக்கிற கஷ்டமே அதுதான்.

பிளாக்ஸ்னு ஒண்ணு. அதுக்குக் கல்லுப் பலகைன்னு அர்த்தம். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அதத்தான் போட்டிருக்கு. அங்க ரொம்ப நாள் உக்காந்தவங்க மொகத்தப் பாத்தாத் தெரியும். பெலகோஸ்னு இன்னொண்ணு, அது திறந்த கடல். ரெண்டும் ஒரு வேர்ல பொறந்ததுங்கன்னு நைட் ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க. அண்ணன் கல்லாப் போனான், தம்பி கடலாப் போனான். தம்பிய உப்பளத்துக்கு மட்டும் போடுவோம். இருக்கிறதுலயே தட்டையானது அதுதான். ஊரே அது பக்கம் சரியிறதுக்கும் காரணம் அதுதான்.

மிச்சம் மூணு. மூணையும் தவசிமுத்து வீட்டுலயே போட வேண்டியதாப் போச்சு.

தவசிமுத்து உப்பு மூட்டை அடுக்குற கிட்டங்கியில ராக்காவல் பாத்தவரு. நெஞ்சுல சளி கட்டி மூணு மாசமாக் கட்டிலோட கெடந்தாரு. ஆடி மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான்னு டாக்டர் தேதி சொல்லிட்டாரு. அவரு சம்சாரம் புஷ்பகனி ஆபீசுக்கு வந்தாங்க. அவங்க வீட்டு வார்த்தை மாமனார் காலத்துல போட்டது, தேஞ்சு போச்சு. குடம் போயிருச்சு, தையல் மிஷின் போயிருச்சு. இப்பக் கட்டில் ஒரு நாளைக்கு ஒரு சாண் நகருது. வாசலுக்கு எட்டு சாண்தான் பாக்கி. கயிறு போட்டுக் கட்டலாம்னா சுவரும் கட்டிலோட சேந்து வரும். மேலத்தெருவுல ஒரு வீடு அப்படித்தான் போச்சு.

"மிஷின் போனாப் போகுது அண்ணாச்சி. இவுக வீட்டுக்குள்ள இருந்தாப் போதும்," அப்படின்னாங்க. "எப்படி இருந்தாலும் சரி. உள்ள இருக்கணும்."

ஓவர்சியர் திரவியம் போலீஸ் ஸ்டேஷன் வார்த்தையக் கொடுக்கச் சொன்னாரு. கெட்டி, நகரவே நகராதுன்னாரு. அது எதோட பிள்ளைன்னு அந்தம்மா கேட்டாங்க. கல்லோட பிள்ளைன்னேன். கல்லுதான் வேணும்னா வாய்க்கால்ல ஒண்ணு பொறக்கிக் கட்டில்ல வச்சிக்கிட மாட்டேனான்னு கேட்டாங்க. திரவியம் மேசை டிராயர மூடிட்டாரு.

சரின்னு பெதோன் போட்டேன். தரைன்னு அர்த்தம். காலோட பிள்ளை. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல கெடக்கிறது அதுதான். மேல கால் நடமாடுற வரைக்கும் கிண்ணுன்னு நிக்கும். அந்த வீட்டுல நடக்கிற காலு ரெண்டே ரெண்டுதான்ங்கிறத நான் யோசிக்கல. பஸ் ஸ்டாண்டுல வேலை பாத்துப் பழகினவன் செய்யுற தப்பு அது.

புஷ்பகனி நடந்தா தரை சமமா இருந்துச்சு. உக்காந்தா சரிஞ்சுச்சு. அதனால கட்டிலச் சுத்தி நடந்தாங்க. நடந்துக்கிட்டே வெங்காயம் உரிச்சாங்க, நடந்துக்கிட்டே சாப்பிட்டாங்க. அக்கம் பக்கத்துப் பொம்பளைங்க முறை வச்சு வந்து நடந்து கொடுத்தாங்க. உடம்புக்கு எப்படி இருக்குன்னு கேக்க வந்த சொந்தக்காரங்களும் சுத்திக்கிட்டே கேட்டாங்க. தவசிமுத்து ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்குள்ள அவங்க கால்மாட்டுக்குப் போயிருந்தாங்க.

"ஏளா, கோயில்ல சாமிக்கே மூணு சுத்துதான்," அப்படின்னாரு அவரு. "எனக்கு எதுக்கு இத்தன?"

பன்னெண்டாவது நாள் அந்தம்மா காலு ரெண்டும் தலகாணி மாதிரி வீங்கிருச்சு. உக்காந்துட்டாங்க. கட்டில் ரெண்டு சாண் போச்சு.

அடுத்து பிளாட்டிஸ் போட்டேன். அது அகலத்தோட பிள்ளை. கல்யாண மண்டபத்துக்குப் போடுறது. கட்டில் அந்த எடத்துலயே நின்னுச்சு, ஒரு விரக்கடை கூட நகரல. ஆனா ரூம் அகலமாக ஆரம்பிச்சுச்சு. வெளியில இருந்து பாத்தா அதே பத்துக்குப் பன்னெண்டு வீடுதான். உள்ள அடுப்புல இருந்து கட்டிலுக்குப் போக மொத வாரம் கால் மணி நேரம் ஆச்சு. ரெண்டாவது வாரம் ஒரு மணி நேரம். கஞ்சி ஆறிப் போய்த்தான் சேந்துச்சு. அடுப்பக் கட்டில் பக்கத்துல கொண்டு போய் வச்சுப் பாத்தாங்க. பக்கமும் அகலமாச்சு. அவரு காலையில தண்ணி கேட்ட சத்தம் அடுப்படிக்கு மத்தியானம்தான் வந்துச்சு.

நான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். வாசல்ல இருந்து ரொம்ப தூரம் நடந்தேன். கொண்டு போன டிபன உக்காந்து சாப்பிட்டேன். எதிர்ல புஷ்பகனி காலி டம்ளரோட திரும்பி வந்துக்கிட்டு இருந்தாங்க. கையத் தூக்கிக் காட்டினாங்க. தீப்பெட்டி அளவுக்குக் கட்டில் தெரிஞ்சுச்சு.

"வீட்டுக்குள்ளதான் இருக்காவ," அப்படின்னாங்க. "நான் கேட்டதத்தான் நீங்க செஞ்சீய. கொறை சொல்லல."

நான் டிபன் பாக்ஸ மூடினேன். வேற என்ன இருக்குன்னு கேட்டாங்க. ஹோமலோஸ் இருக்குன்னு சொல்ல முடியாது, வாயால சொல்லக் கூடாது. ஒண்ணு இருக்கு, ஆனா வீடுகளுக்குத் தர்றதில்லன்னேன்.

அது ஒண்ணுபோலங்கிற வார்த்தையோட பிள்ளை. மேடு பள்ளம் எது இருந்தாலும் ஒண்ணாக்கிரும். ரேஷன் கடைக்கு அடியிலயும் சுடுகாட்டுக்கு அடியிலயும் மட்டும் போட்டிருக்கு. பூர்வீகத்தச் சொல்லும்போது உள்ள யாரெல்லாம் இருக்காங்களோ அவங்களுக்குள்ள எல்லாம் ஒரே அளவாகிரும். அதனாலதான் புதைக்கிறவன் படிக்கு வெளிய நின்னு சொல்லணும்னு விதி.

திரவியம் அந்தம்மாவ உக்கார வச்சு இதையெல்லாம் சொன்னாரு. அவங்க கேட்டது ரெண்டே கேள்விதான்.

"அவுக இருமல்ல பாதி எனக்கு வருமா?"

"வரும்மா."

"அப்ப அவுகளுக்குப் பாதி கொறையும்லா?"

கொறையும்னாரு. அந்தம்மா கையெழுத்துப் போட எந்த எடம்னு கேட்டாங்க.

ஒரு வார்த்தைய எடுத்துட்டு இன்னொண்ணப் போடுறதுக்கு நடுவுல ஒரு நிமிஷம் தரைக்கு எதுவும் இருக்காது. அத்தன நாளாச் சரியாம வச்சிருந்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல சரியும். சாமானப் பிடிக்க நாலு ஆளு வேணும். அன்னிக்கு ரெண்டு பேரு கோயில் கொடைக்குப் போயிட்டாங்க, மத்த ரெண்டு பேரும் உப்பளத்து வேலையில இருந்தாங்க. நாளைக்குப் போடலாம்னேன். நாளைக்குக் கட்டில் கண்ணுக்கே தெரியாதுன்னாங்க புஷ்பகனி. அதுவும் சரிதான்.

வாசப்படிக்கு வெளிய குத்த வச்சு உக்காந்து படிக்கு அடியில கெடந்த பிளாட்டிஸ எடுத்தேன். ரூம் பழைய அளவுக்கு வந்துச்சு. தீப்பெட்டி கட்டிலாச்சு. வந்த வேகத்துலயே வாசலப் பாத்துச் சறுக்க ஆரம்பிச்சுச்சு. அந்தம்மா தலமாட்டுப் பக்கம் பிடிச்சிருந்தாங்க. வீங்கின காலு, தரையில பிடிக்கல, அவங்களும் சேந்து வந்தாங்க. தவசிமுத்து என்னப் பாத்தாரு. மழை வருமான்னு பாக்குற மாதிரி பாத்தாரு.

கட்டிலோட முன்னங்கால் ரெண்டும் படியத் தாண்டிருச்சு. குழிக்குள்ள என் கையில புது வார்த்தை இருந்துச்சு, வாயில பூர்வீகம் பாதி வந்திருந்துச்சு. நிறுத்தினா மொதல்ல இருந்து சொல்லணும். நான் ஒரு காலத் தூக்கி உள்ள வச்சு, மொழங்காலக் கட்டில் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு, மிச்சத்தச் சொல்லி மண்ணத் தள்ளி மூடினேன். கட்டில் நின்னுச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் தவசிமுத்து எந்திரிச்சு உக்காந்தாரு. அவரு ஒரு தடவை இருமினா அடுத்து புஷ்பகனி ஒரு தடவை இருமுவாங்க. அடுத்து ரெண்டு தெரு தள்ளி எங்க வீட்டுல நான் இருமுவேன். என் சம்சாரம் சுக்குக் கஷாயம் வச்சுக் கொடுத்தா. அதோட மூணுல ஒரு பங்கு குணம் எனக்குத் தெரிஞ்சுச்சு.

மறுநாள் திரவியம் கூப்பிட்டாரு.

"வே கோமதிநாயகம், கால உள்ள வச்சீராமே."

"வச்சேன் சார்."

"முழுசாவா, மொழங்கால் வரைக்குமா?"

"மொழங்கால் வரைக்கும்தான்."

அவரு விதிப் புத்தகத்தப் புரட்டிப் பாத்தாரு. மொழங்காலுக்குத் தனிப் பங்குன்னு எதுவும் இல்ல, முழு ஆளாத்தான் எடுத்துக்கிடணும்னாரு. நான் வேலைக்குப் போயிட்டேன்.

ஆடி மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, டாக்டர் சொன்ன மாதிரியே சாவு வந்துச்சு. ஒரு ஆளுக்குன்னு வந்த சாவு. தரை சமமா இருந்ததுனால மூணு பேருக்கும் ஒரே அளவாப் போச்சு. ஒரு நாளைக்கு ஆளுக்கு எட்டு மணி நேரம்.

உப்பு ஊர்க்காரங்களுக்கு ஷிப்ட் புதுசில்ல. ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் தவசிமுத்து எடுத்துக்கிட்டாரு. காவல் வேலை பாத்த ஆளு, பழகின நேரம். மத்தியானம் ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் புஷ்பகனி. காலையில ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் நான். ஆபீஸ்ல என்ன மத்தியான வேலைக்கு மாத்திட்டாங்க.

சாகுறதுக்கு நான் அவங்க வீட்டுக்குத்தான் போறேன். எங்க வீட்டுல போட்டிருக்கிறது பெதோன். செத்தவன் நடக்க மாட்டான், என் சம்சாரம் எட்டு மணி நேரம் சுத்தணும். அவகிட்ட அதக் கேக்க எனக்கு வாய் வரல. அதனால தினமும் அஞ்சே முக்காலுக்குக் குளிச்சுட்டுப் போவேன். ஆறு மணிக்குத் தவசிமுத்து எந்திரிச்சு, போர்வைய மடிச்சு வச்சுட்டு, வாங்க அண்ணாச்சின்னு எடம் விடுவாரு. கட்டில் ஜில்லுன்னு இருக்கும். ரெண்டு மணிக்கு நான் எந்திரிப்பேன். புஷ்பகனி தலைய முடிஞ்சுக்கிட்டு வந்து படுப்பாங்க. படுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாங்க. கொழம்பு மூடி வச்சிருக்கேன்னு.

எந்த நேரத்துலயும் ஒரு ஆளு செத்துத்தான் இருக்கணும். அதனால அவங்க ரெண்டு பேரும் சேந்து உசுரோட இருக்கிற நேரம் நான் செத்திருக்கிற எட்டு மணி நேரம்தான். அவங்க சேந்து உக்காந்து என்ன பேசுவாங்க, யாரு காப்பி போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மணிக்கு நான் கண்ணு முழிக்கும்போது ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்தியிருக்கும். சாயந்தரம் ஆபீஸ் விட்டு வரும்போது எட்டிப் பாத்தா, தவசிமுத்து மட்டும் கட்டில் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டு இருப்பாரு. விசிறினா அவங்களுக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். அவரும் எட்டு மணி நேரம் அப்படிக் கெடக்கிறவருதான்.

ஒரு தடவை கேட்டாரு. "அண்ணாச்சி, எட்டு மணி நேரம் ஒரு நாளுக்குப் பத்துமா?" எதுக்குன்னு சொல்லல. ஆபீஸ்ல பேச்சு வாக்குல திரவியத்துக்கிட்ட சொன்னேன். அவரு அந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகப் போறவரு. வீட்டுல தனி ஆளு. விதிப் புத்தகத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு.

போன வியாழக்கிழமை நான் எந்திரிச்சப்ப மணி பன்னெண்டுதான் ஆயிருந்துச்சு. ஆறு மணி நேரத்துலயே முழிப்பு வந்திருந்துச்சு. வாசப்படிக்கு அடியில மண்ணு ஈரமாப் புதுசா இருந்துச்சு. குழியத் தோண்டினப்ப நான் கெடந்த கட்டில் வாசல் வரைக்கும் வந்துச்சாம். தவசிமுத்து மொழங்காலக் கொடுத்து நிறுத்தினாராம். மொழங்கால்ல செராய்ப்பு இருந்துச்சு.

திரவியம் ஒரு கால உள்ள வச்சுத்தான் பூர்வீகத்தத் திரும்பச் சொல்லி மூடினாராம். ஒரு கால் செருப்போட உள்ள நின்னுக்கிட்டு இருந்தாரு. இன்னொரு செருப்பு வெளிய கெடந்துச்சு. அதையும் எடுத்து சோடி சேத்து ஓரமா வச்சாரு. வாட்சக் கழட்டித் தலமாட்டுல வச்சாரு.

"எடம் விடும் வே. ஆறு மணிக்கு எழுப்பிவிட வேண்டாம், நானே வந்துருவேன்," அப்படின்னு சொல்லிட்டுப் படுத்தாரு.

தவசிமுத்தும் புஷ்பகனியும் தரையில உக்காந்திருந்தாங்க. சாவு வந்ததுக்கு அப்புறம் அவங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து நான் பாக்குறது அதான் மொத தடவை. மூணு இலை போட்டிருந்துச்சு. ரசத்த இலை நடுவுல ஊத்தினாங்க. அது எந்தப் பக்கமும் ஓடல.