நாகலக்ஷ்மி மண்டல்

வாய்க்கரிசித் தட்டை அம்மாவிடமிருந்து வாங்கித் தன் பங்கைப் போட்டுவிட்டு, அடுத்து நின்றவளிடம் நீட்டியபோதுதான் அவள் யாரென்று தெரியவில்லை என்பதை ரோஹிணி கவனித்தாள். சாம்பல் நிறப் பருத்திப் புடவை, கையில் சங்கு வளை. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அக்கம்பக்கத்து முகமில்லை.

சேஷாத்ரி சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார்.

"இவா யாரு? ஆத்து மனுஷா போட்டா போறும்."

தமிழ் புரியாவிட்டாலும் தன்னைப் பற்றித்தான் கேள்வி என்பது அவளுக்குப் புரிந்தது. பெயரைச் சொன்னாள்.

"நாகலக்ஷ்மி மண்டல்."

டாலிகஞ்சின் அந்தச் சின்ன ஃப்ளாட்டில் இருந்த எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். தரையில் கிடந்த லக்ஷ்மிநாராயணனைப் பெற்றவள் பெயர் நாகலக்ஷ்மி. முதல் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயரை வைப்பது குடும்ப வழக்கம். நியாயமாக அது ரோஹிணிக்கு வந்திருக்க வேண்டிய பெயர். அம்மா சுலோசனாதான் ஒப்புக்கொள்ளவில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பேர் சொல்லித் திட்ட முடியாத குழந்தையை எப்படி வளர்ப்பது என்று கேட்டாளாம். அப்பா சிரித்துவிட்டு ரோஹிணி என்று வைத்தாராம். இது வீட்டில் பலமுறை சொல்லிச் சிரித்த கதை.

லக்ஷ்மி என்றால் வங்காளத்தில் வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள். நாகலக்ஷ்மி எங்கே இருக்கிறாள்? தெற்கிலிருந்து யாராவது கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு. கொண்டுவந்தவர் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். அவரைக் கேட்க முடியாது.

சித்தப்பா மஹாதேவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ரோஹிணியைப் பார்த்தார். முன்னாலேயே தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்துவிட்டாயா என்கிற பார்வை. தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, வந்தவளைப் பால்கனிக்கு அழைத்துப் போனாள்.

அப்பாவை எப்படித் தெரியும் என்று வங்காளியில் கேட்டாள். மாமா என்றாள் அவள்.

காகு, அதாவது சித்தப்பா என்று சொல்லியிருந்தால் ரோஹிணி விட்டிருப்பாள். அப்பாவின் சிநேகிதர்களையெல்லாம் இந்த ஊர்க் குழந்தைகள் காகு என்றுதான் கூப்பிடுகின்றன. மாமா என்கிற முறை அம்மா வழியாக வருவது. அப்படியானால் பழக்கம் இவள் அம்மாவோடு. ரோஹிணிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அப்பா பாங்கின் கார்டன் ரீச் கிளையில் வேலை பார்த்த காலம். வருஷா வருஷம் காளி பூஜை முடிந்த இரண்டாம் நாள் நெற்றியில் சந்தனப் பொட்டோடு வருவார். காளிகாட் போனேன் என்பார். காளி கோவிலில் சிந்தூரம் அல்லவா கொடுப்பார்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ரோஹிணி வந்தவளின் காதைப் பார்த்தாள். மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அப்பாவுக்கு ஒட்டாது. அது ஒரு நிம்மதி. ஆனால் அந்த மோவாய் அப்பாவுடையது மாதிரி இல்லையா? பள்ளியில் தன்னை ரோஹிணி லக்ஷ்மிநாராயணன் என்று கூப்பிட வங்காள டீச்சர்கள் படாத பாடு பட்டார்கள். அப்பா பெயர் தன் பின்னால் வருகிறது. அப்பாவின் அம்மா பெயர் இவளுக்கு முன்னால் வருகிறது. இரண்டில் எது நெருக்கம்?

வந்தவள் ஒளிக்காமல் சொன்னாள். அவள் அம்மா அதே கிளையில் டைப்பிஸ்ட். கூடப்பிறந்தவர்கள் இல்லை. குழந்தைக்கு அன்னப்பிராசனம் செய்யும்போது முதல் சோற்றைத் தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். மாமனுக்கு எங்கே போவது? லக்ஷ்மிபாபு உட்காரட்டும் என்று ஆபீசில் யாரோ கேலியாகச் சொன்னார்களாம். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு போய்க் குழந்தையை மடியில் வைத்து ஊட்டினார். பெயரும் மாமனே சொல்லட்டும் என்றார்கள். கொஞ்சமும் யோசிக்காமல் இந்தப் பெயரைச் சொன்னாராம். காளி பூஜைக்கு இரண்டாம் நாள் இங்கே பெண்கள் கூடப்பிறந்தவனுக்குப் பொட்டு வைப்பார்கள்; அதிலிருந்து வருஷா வருஷம் அவள் அம்மா கையால் தம்பிக்கான சந்தனப் பொட்டு.

அப்புறம் ஏன் மறைத்தார் என்று ரோஹிணி கேட்டாள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமா அங்கே சாப்பிடுவார், லூச்சியும் பாயசமும்தான், ஆனால் மீன் சமைக்கிற வீடு, மாமிக்குத் தெரிய வேண்டாம் என்பார் என்றாள்.

திருடன் சொல்கிற சமாதானம் மாதிரி இருந்தது. அப்பா சொல்கிற மாதிரியும் இருந்தது. உன் அப்பா எங்கே என்று ரோஹிணி கேட்டேவிட்டாள். அவள் கீழே கையைக் காட்டினாள். அமரர் ஊர்தியின் அருகில் ஒரு கிழவர் ரஜனிகந்தா பூக்கட்டை அணைத்தபடி நின்றிருந்தார். முழங்கால் வலி, மாடி ஏற முடியாதாம். மூன்றாம் மாடியிலிருந்து காது மடலெல்லாம் தெரியவில்லை.

முதல் சோறு எனக்கு அவர்தானே போட்டார், நான் போட வேண்டாமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். ரோஹிணிக்குச் சந்தேகம் போகவில்லை.

அம்மா எப்போது வந்து வாசற்படியில் நின்றாளோ தெரியாது. காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற அளவு வங்காளிதான் அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் எல்லாம் புரிந்திருந்தது முகத்தில் தெரிந்தது.

"நீ நம்பறயாம்மா?"

அம்மா வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒளிச்சு வெக்கறவன் பெத்த அம்மா பேரையா வெப்பான்? ஊர்ல வேற பேரா கெடைக்கல?" உள்ளே திரும்பியபடி, "நான் வேண்டாம்னேன். அவருக்கு எங்கேயாவது வெக்கணும் போல இருந்திருக்கு" என்றாள்.

பிறகு உள்ளே போய்ச் சாஸ்திரிகளிடம் சொன்னாள்.

"அவருக்கு மருமாள், அக்கா பொண்ணு. போடட்டும்."

சாஸ்திரிகள் மந்திரத்தைத் தொடர்ந்தார். வந்தவள் தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள். கொஞ்சம் அரிசி அப்பாவின் கழுத்தில் சிந்தியது. ரோஹிணி குனிந்து அதைப் பொறுக்கி அவள் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தாள். அவள் போட்டாள்.

ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பெண்கள் கூடத்தில் மிஞ்சினார்கள். வந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் இறங்கும் முன் நின்றாள். வீட்டில் தனக்குப் பெயர் புரி, கிழவி என்று அர்த்தம், ஆபீசில் நாகா, இந்த ஊர் நாக்குக்கு முழுசாக வராது, முழுசாகக் கூப்பிட்டவர் மாமா ஒருவர்தான் என்றாள். பிறகு இறங்கினாள்.

ரோஹிணிக்கு அப்பா மேல் கோபம் வந்தது. வாய்விட்டுக் கூப்பிட ஆசைப்பட்ட பெயரை எத்தனை வருஷம் பஸ் ஏறிப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபத்தோடுதான் படியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"நாகலக்ஷ்மி."

அந்த வீட்டில் யாரும் இதுவரை அந்தப் பெயரைக் கூப்பிட்டதில்லை. கீழே செருப்புச் சத்தம் நின்றது. கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா, மாமியார் பெயர் காதில் விழுந்ததும், பழக்கத்தில் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.