கையெழுத்து விழா

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். தூத்துக்குடிக்கு ஜெரால்டு. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் கூலி வாங்காமல் சேர்ந்து கட்டுகிற ஒரு பெரிய லினக்ஸ் இயங்குதளத்தில் ‘உருவாக்குநர்’ என்ற தகுதி பெற்ற ஆள் இந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான். அடுத்த ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் கொச்சிக்குப் போக வேண்டும். அந்தத் தகுதியைக் கல்லூரி முடித்த சூட்டில் வாங்கினான். அதற்குப் பிறகு அவன் எழுதிய நிரல் மொத்தத்தையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். இடம் மிச்சமிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் அவனுடைய கட்டற்ற மென்பொருள் வட்டம் கூடும். கூடும் என்றால், மக்ரூன் பெட்டி வரும், டீ வரும், செல்ஃபி எடுப்பார்கள், ஜெரால்டு பேசுவான். அவன் லேப்டாப்பின் மூடி என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு ஸ்டிக்கர். பந்திக்கு முந்துகிறவர்கள் ஒரு நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு பிழையை எடுத்துப் போட்டு, யார் சரிசெய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தான் திருச்செந்தூரில் கல்யாணம் இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் வேலை செய்கிற ஒரே ஆள் அனுசியா. ஏரல் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். துறைமுகம் போகிற சாலையில் ஓர் உப்புக் கம்பெனியின் எடைமேடையில் அவளுக்கு உத்தியோகம். லாரி ஏறும், எடை விழும், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று சீட்டு அடிக்கும். தமிழில் அடித்தால் எழுத்து சிதறிப்போகும். டிரைவர்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தாயி, இது எந்த ஊரு பாஷை?” என்பார்கள். அந்தப் பிரிண்டரை ஓட்டுகிற மென்பொருள் கட்டற்றது, அதன் நிரல் யாரும் எடுத்துப் பார்க்கும்படி கிடக்கிறது என்று ஒருநாள் அவளுக்குத் தெரியவந்தது. போய்ப் பார்த்தாள். முதலில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. ரோஷம் வந்து மறுபடி பார்த்தாள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் படித்துப் படித்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சீட்டில் தமிழ் தமிழாகவே விழ வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளால் விட முடியவில்லை. எங்கேயோ ஒரு ரைஸ் மில்காரர், இலங்கையில் ஒரு கூட்டுறவுச் சங்கம் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தங்கள் பிரிண்டர் சண்டித்தனத்தை அவளுக்கு எழுத ஆரம்பித்தார்கள்.

சங்கடம் என்னவென்றால், அவள் செய்த திருத்தத்தை இயங்குதளத்துக்குள் ஏற்றும் உரிமை அவளுக்கு இல்லை. உருவாக்குநர் ஒருவர் பார்த்து, சரி என்று ஏற்ற வேண்டும். அதாவது ஜெரால்டு. அவள் அனுப்புவாள், அவன் ஊறப்போடுவான். ஞாயிற்றுக்கிழமை மாடியேறிப் போய், அவன் அடிக்கிற பழைய ஜோக்குக்குப் பல்லைக் காட்டி, ஒரு மக்ரூனும் தின்ற பிறகுதான் அவன் விரல் அசையும். என்ன எழுதியிருக்கிறாள் என்று திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றுவான். ஏற்றிய கையோடு வாட்ஸ்அப்பில், ‘நம்ம இன்னைக்கு இன்னொண்ணு ஏத்திட்டோம்’ என்று போடுவான். அந்த ‘நம்ம’வைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்தான் அண்ணே என்றது. மனதுக்குள் அவன் என்றைக்கும் ‘அவன்’தான்.

அதனால்தான் தானே உருவாக்குநர் ஆவது என்று முடிவெடுத்தாள். விண்ணப்பித்தாள். வெளிநாட்டிலிருந்து யார் யாரோ மின்னஞ்சலில் கேள்வி கேட்டார்கள், வேலை கொடுத்தார்கள், அவள் எழுதியதைத் துவைத்துக் காயப்போட்டார்கள். எல்லாவற்றிலும் தேறினாள். கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. ஏற்கெனவே உருவாக்குநராக இருக்கும் ஒருவர் அவளை நேரில் பார்த்து, முகத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டு, இவள் இவள்தான் என்று அவளுடைய டிஜிட்டல் சாவியில் தன் சாவியால் கையெழுத்துப் போட வேண்டும். ஜெரால்டிடமிருந்து தப்பிக்க ஜெரால்டின் கையெழுத்து. விதியே என்று போய்க் கேட்டாள்.

“ஒரு டீக்கடையில வச்சே முடிச்சிரலாம்லா அண்ணே. பத்து நிமிஷ வேலதான.”

“ஏம்மா, இந்தப் பக்கத்துலயே முதல் பொண்ணு. சும்மா விட முடியுமா? ஹால் பிடிப்போம். பிளெக்ஸ் வைப்போம். நீ பேசாம இரு, அண்ணன் பாத்துக்கிடுதேன்.”

பாத்துக்கிட்டான். விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வி.வி.டி. சிக்னலில் பிளெக்ஸ் ஏறிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கிற ஜெரால்டு, ஆள் உயரத்துக்கு. மூலையில் அனுசியா, தபால்தலை அளவுக்கு. கீழே ஒரு கியூஆர் குறி, ‘என் சாவியை ஸ்கேன் செய்து சரிபாருங்கள்’ என்ற அழைப்போடு. நாற்பது பேரும் அதன் கீழே நின்று படம் எடுத்து உலகத்துக்கே அனுப்பினார்கள். விழாவில் ஜெரால்டுக்கு இரண்டு பொன்னாடை, அவளுக்கு ஒன்று. ஆதார் அட்டையை வாங்கியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தான். அட்டையைத் தலைகீழாகப் பிடித்தபடியே சிரித்தான். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினான், கைதட்டினார்கள். கையெழுத்து விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறோம் என்று வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. அன்று ராத்திரி அவளுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பிளெக்ஸுக்குக் கீழேதான் டவுன் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வரவில்லை. சும்மா நிற்க அவளுக்கு வராது. கியூஆர் குறி, சீனியில் எறும்பு மொய்த்த மாதிரி, வழக்கத்துக்கு மீறி நெருக்கமாக இருந்தது. ஒரு சாவியின் அடையாள எண்ணுக்கு இவ்வளவு புள்ளி எதற்கு? போனை நீட்டி ஸ்கேன் பண்ணினாள். திறந்த எழுத்தில் முதல் வரியைப் படித்ததும் பஸ்ஸை மறந்துவிட்டாள்.

இந்தச் சாவிக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று ஊருக்குக் காட்டுவதற்கு. மற்றது ரகசியம். கையெழுத்துப் போடுவது அந்த இரண்டாவது. கட்டின பெண்டாட்டிக்குக்கூடக் காட்டக் கூடாது என்று ஜெரால்டே மேடை மேடையாகப் பேசியிருக்கிறான். பிளெக்ஸ்காரனுக்கு அனுப்பும்போது அந்த மகராசன் ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்து அனுப்பியிருக்கிறான். நாற்சந்தியில் தொங்குவது அவனுடைய ரகசியச் சாவி. அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்த்தாள். அதற்கு ஒரு கடவுச்சொல்லாவது வைத்திருப்பான் என்று நினைத்தாள். வைக்கவில்லை. இனி எந்தக் களவாணியும் ஜெரால்டு பெயரில் எதை வேண்டுமானாலும் இயங்குதளத்துக்குள் ஏற்றலாம். அது ஆஸ்பத்திரிக்குப் போகும், பேங்குக்குப் போகும், மின்நிலையத்துக்குப் போகும்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், பொல்லாத சந்தோஷம். ஊருக்குத்தான் உபதேசம் என்று மேஜையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தேதி உறைத்தது. பிளெக்ஸ் ஏறியது விழாவுக்கு முன்னால். அப்படியானால் தெருவில் கிடந்த சாவியால்தான் அவளுக்குக் கையெழுத்து விழுந்திருக்கிறது. விஷயம் வெளியே தெரிந்தால் அந்தக் கையெழுத்து செல்லாது. வெள்ளிக்கிழமையும் கிடையாது.

போன் பண்ணினாள். அரைமணி நேரத்தில் ஜெரால்டு பைக்கில் எடைமேடைக்கு வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

“ஏளா, யாரு அதப் போய் ஸ்கேன் பண்ணப் போறா? சிக்னல்ல நிக்கிறவனுக்குப் பச்சை எப்ப விழும்னுதான் கவல.”

“படம் எடுத்து நெட்ல போட்டிருக்கீங்க அண்ணே. முந்நூறு லைக் விழுந்திருக்கு.”

அவன் முகம் சுருங்கியது. டீ வரவழைத்துக் கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தான்.

“இங்க பாரு. உனக்கு வெள்ளிக்கிழமை உருவாக்குநர் கணக்கு வந்திரும். அதுவரைக்கும் பொறு. நான் இன்னைக்கே பிளெக்ஸ இறக்கிருதேன், படத்தயும் எடுத்திருதேன். சனிக்கிழமை சத்தமில்லாம சாவிய மாத்திக்கிடுதேன். உனக்கும் நஷ்டமில்ல, எனக்கும் மானம் போவாது. என்ன சொல்லுத?”

அவளுக்கு ஆசையாக இருந்தது. பொய் எதற்கு, நாக்கு ஊறுகிற ஆசை. நாலே நாள் வாயை மூடிக்கொண்டால் போதும். இனி வாழ்க்கையில் மக்ரூன் தின்ன வேண்டாம், இந்த மூஞ்சியைப் பார்த்துப் பல்லிளிக்க வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கவலை போய் ஒரு கூட்டாளிக் களை வந்திருந்தது. நீயும் நம்ம ஆள்தானே என்று அது சொன்னது. இத்தனை வருஷமாக அவன் பேசிய ‘நம்ம’ எல்லாம் சேர்ந்தாலும் அவளை அப்படிக் கூசவைத்ததில்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தகுதியை இப்படி வாங்கினால் இவன் சொல்வது உண்மையாகிவிடும்.

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, இயங்குதளக்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நடந்தது நடந்தபடி, நாலு வரி. திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“உங்க சாவி. நீங்களே சொன்னா மரியாத. நீங்க அனுப்புதீங்களா, நான் அனுப்பட்டா?”

ஜெரால்டு ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்தான். உப்பளத்தில் என்ன கண்டானோ, திரும்பவே இல்லை. அவளே அனுப்பினாள்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஜெரால்டின் சாவியை அந்த நிமிஷமே முடக்கிவிட்டார்கள். அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கீழே ஒரு வரி: ‘உங்கள் விண்ணப்பத்தில் இருப்பதும் அந்தச் சாவியின் கையெழுத்தே என்பதால், வருத்தத்துடன் அதையும் நீக்குகிறோம். வேறொரு உருவாக்குநரை நேரில் சந்தித்துப் புதிதாகப் பெறவும்.’ இப்படித்தான் வரும் என்று தெரிந்திருந்தும் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். இவன் முன்னால் அழுவதற்கு நான் சாகலாம் என்று நினைத்துக்கொண்டு, பிரிண்டருக்குக் காகிதம் மாட்டினாள்.

“சொன்னேம்லா,” என்றான் ஜெரால்டு. “இப்ப எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. உன் திருத்தத்த இனிமே யாரு ஏத்துவா?”

“கொச்சிக்குப் போறேன். ராத்திரி பஸ் இருக்கும்லா.”

எழுந்தவன் போகாமல் நின்றான். எதையோ விளங்கிக்கொள்ள முடியாத குழப்பம் முகத்தில் தெரிந்தது.

“நாப்பது பேரு அதுக்குக் கீழ நின்னு படம் எடுத்தானுவ. முந்நூறு பேரு லைக் போட்டான். எல்லாம் நம்ம ஆளுவதான். ஒருத்தனும் உள்ள பாக்கல. உனக்கு மட்டும் எதுக்கு அந்த வேல?”

கேலியாகக் கேட்டிருந்தால்கூட மன்னித்திருப்பாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

“உள்ள பாக்குததுக்குத்தான அண்ணே நான் இதுக்குள்ளயே வந்தேன்,” என்றாள் அனுசியா. “நீங்க என்னத்துக்கு வந்தீங்க?”

வெளியே ஹாரன் அடித்தது. உப்பு லாரி ஒன்று மேடையில் ஏறியது. ஜெரால்டு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். எடை விழுந்தது, பிரிண்டர் சீட்டு அடித்தது, டிரைவர் வந்து வாங்கிப் படித்துப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். லாரி இறங்கியும் போய்விட்டது. ஜெரால்டு இன்னும் யோசித்துக்கொண்டுதான் நின்றான்.