பால்வண்டிக்காரர் பேசிய குரல்கள்

பள்ளத்தாக்கில் வேலைபார்த்த பழைய ஆட்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும், பதிவு செய்து வைக்கலாம் என்று நூலகத்துப் பெண் கூப்பிட்டிருந்தாள். எனக்கு இந்தக் கூட்டம் கூடிப் பேசுகிற வேலையெல்லாம் ஒத்துவராது. ஆனாலும் போனேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. இத்தனை காலம் கூட இருந்தும், அவர் பேசியது என்று நினைத்துப் பார்க்க என்னிடம் ஒன்றுமில்லை. யாராவது அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று ஏக்கம். அதைக் கேட்கத்தான் போனேன்.

அவர் பால்வண்டி ஓட்டினார். விடிவதற்குள் கிளம்பி, இரண்டு பக்கச் சரிவிலும் உள்ள மாட்டுப் பண்ணைகளில் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்து பால் நிலையத்தில் இறக்குவார். வீட்டுக்கு வந்தால் உம்மணாமூஞ்சி. கேட்டதற்கு ஒரு 'ம்', கேட்காததற்கு அதுவும் கிடையாது.

முதலில் தச்சர் பாலம் போட்ட கதையை ஆரம்பித்தார். பாலத்தைவிட அது நீளம். நல்லவேளை, மேல்சரிவுப் பண்ணைக்காரி குறுக்கே புகுந்தாள்.

"எங்க மேட்டுல அப்ப போன் ஏது? பால்வண்டி அண்ணன்தான் எங்களுக்குப் போன். சேதி சொல்லிவிட்டா, சொன்ன ஆளோட குரல்லயே போய்ச் சொல்வார்."

"என் மச்சானைத் திட்டிச் சொல்லிவிட்டேன்," என்றார் தச்சர். "என் மூக்குப் பேச்சோட அப்படியே திட்டியிருக்கார். மச்சான் கோபத்தை மறந்து சிரிச்சிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் கச்சேரி, எனக்கு மட்டும் 'ம்'மா?

நூலகத்துப் பெண் மைக்கை என் பக்கம் திருப்பினாள். "வீட்டுல யார் மாதிரி பேசிக் காட்டுவார், அம்மா?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனசு வரவில்லை.

"வீட்டுல பேசவே மாட்டார். இதெல்லாம் எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எனக்குன்னு ஒரு பேச்சுக்கூட மிச்சம் வைக்கல அந்த மனுஷன்."

பண்ணைக்காரி நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"உங்க குரல்லயும் பேசுவார், அக்கா."

"நான் யாருக்கும் சேதி சொல்லிவிட்டதே இல்லையே?"

"சேதி இல்ல. கேனை ஏத்தி முடிச்சதும், 'பார்த்துப் போங்கண்ணே'ன்னு நான் சொல்வேன். 'அதைச் சொல்ல என் வீட்டுல ஆள் இருக்கு'ன்னு சொல்லிட்டு, உங்களை மாதிரியே ஆரம்பிப்பார்."

"எப்படி? பேசிக் காட்டு."

அவள் தயங்கினாள். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "'வளைவுல மெதுவா போங்க. வழியில சூடா எதையாவது குடிங்க. நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கேன், காதுல விழுதா இல்லையா?'"

என் குரலேதான். தினமும் இருட்டோடு எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்து நான் சொன்னது. ஒருநாள்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. சுவரிடம் பேசுகிறோம் என்று நொந்துகொண்டு கதவைச் சாத்திவிடுவேன்.

"அதோட விடமாட்டார், அக்கா. அவர் குரல்ல பதிலும் சொல்வார்."

"என்னன்னு?"

"'விழுதுடி, நல்லா விழுது.' அதைச் சொல்லிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்."

படுபாவி மனுஷன். ஒரே ஒரு நாள் வாசலில் திரும்பி நின்று அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?