அம்மாவுக்கு அடித்த நான்கு விநாடி

இரண்டாயிரத்து நான்கில் நமுனுகுல ஊருக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. பாட்டு எக்கேடு கெட்டுப் போகட்டும். அதன் அடியில் திரும்பத் திரும்ப ஓடிய தப்பு மேளம் என் அப்பா வடிவேல் அடித்தது. நான்கு அடி சரியாக விழும், ஐந்தாவது சறுக்கும். அந்தச் சறுக்கலை ஆயிரம் மேளத்துக்கு நடுவிலும் கண்டுபிடிப்பேன்.

தொண்ணூற்றெட்டில் அம்மா கனகம் செத்தபோது நான் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தேன். அந்தப் படுபாவிகள் என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். சாவு வீட்டைக் கேசட்டில் பிடித்து வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்புவது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வழக்கம். எனக்கும் வந்தது. பெண்டாட்டி சாவுக்குப் புருஷன் தப்படிக்கக் கூடாது. ஆனால் பாடை தூக்கும் நேரம் அப்பா, "குடுடா இங்க" என்று அதட்டி அடுத்தவன் தப்பைப் பிடுங்குவது அதில் கேட்கும். அதன் பிறகுதான் அந்தச் சறுக்கல். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

கேசட் என் பெட்டியில் இருந்தது. அதில் கை வைக்கக்கூடியவன் ஒருவன்தான்: பதுளை பஜாரில் கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டு செய்கிற என் தம்பி கிரிஷாந்தன். நேரே அங்கே போனேன்.

"நல்லாருக்குல்லக்கா?" என்று பல்லைக் காட்டினான். "வெளிநாட்டுல இப்புடித்தான். பழைய ரெக்கோர்ட்ல எவனோ ட்ரம்ஸ் அடிச்ச நாலஞ்சு செக்கன வெட்டி, அதையே ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. ராப் பாட்டு, டான்ஸ் பாட்டுனு எத்தனையோ அதுலருந்துதான் வந்துச்சு. அப்பா கை சறுக்குது பாரு, அதுதான் ஆட வைக்குது. மெசின்ல அடிச்சா வராது."

"அடிச்ச ஆளுகிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?"

"அத யாருக்கா கேக்குறா?"

"பாவிப்பயலே, அது அம்மா சாவுடா!"

"தெரியும். ஒப்பாரியத்தான் கழட்டிட்டேனே."

செருப்பைக் கழற்றியிருப்பேன், கடையில் ஆட்கள் நின்றார்கள். "இது அப்பா காதுல விழக்கூடாது. விழுந்துச்சு, உன்னையக் கொன்னுருவேன்" என்றேன். சரி என்று தலையாட்டினான்.

அடுத்த மாதம் எங்கள் லயத்தில் ஒரு கல்யாணம். பாட்டுப் போட வந்தவன் கிரிஷாந்தன். பொடியன்கள் கேட்டார்களாம், போட்டுவிட்டான். பந்தலே ஆடியது. சறுக்கல் வருகிற இடத்தில் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் இடுப்பை வெட்டினார்கள்.

அப்பா பந்தியில் இருந்தார். கை சோற்றிலேயே நின்றது. எழுந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை விட்டு, ஓரமாக நின்றார். பாடை போகும்போது எங்கள் ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள். கிரிஷாந்தன் அதைப் பார்த்தான். பார்த்தும், சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை.

நான் போய் வயரைப் பிடுங்கினேன்.

"ஏய், இங்க என்ன எழவா விழுந்துருச்சு?" என்று ஆடிக்கொண்டிருந்த ஒருவன் கத்தினான்.

அவனைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"ஆமா. எங்கம்மா செத்துருச்சு."