ஜூன் ஒன்றாம் தேதி விமானம்

எங்கள் ஊர் விமானம், ஏறுகிறவரை அவர் பிறந்த நாளுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். இரண்டு அடுக்கு இறக்கை வைத்த பழைய விமானம். மேல் இறக்கை போவதற்கு, கீழ் இறக்கை திரும்புவதற்கு. ஒரே அடுக்கு இறக்கை வைத்த இந்தக் காலத்து விமானங்கள் பாவம், அவற்றுக்கு முன்னால் போக மட்டும்தான் தெரியும். சென்னைக்குப் போக அவை போதும்.

யுத்த காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று ஊருக்கு மேற்கே கிடக்கிறது. அதில் மிளகாய் வற்றல் காயப்போடுவார்கள். விமானம் வந்ததும், காலையில் பறக்கட்டும், வெயில் ஏறிய பிறகு வற்றல் காயட்டும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். தை மாதம் பறக்கத் தொடங்கியது. ஏறியவர்கள் எல்லாம் இளவட்டங்கள், ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். போய்விட்டு வந்து, "நான் பொறந்தப்போ இம்புட்டு அசிங்கமாவா இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்கு ஐம்பது வயது ஆகிறது, ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று என் மனைவி செண்பகம் ஒற்றைக் காலில் நின்றாள். ஊரில் கிடைக்கும் மற்ற பிறந்தநாள் விருந்துகளையும் அவள் விசாரிக்காமல் இல்லை. பெரிய குளத்துக்கு அடியில் உட்காரவைத்து மதியச் சாப்பாடு போடுகிறார்கள். எனக்குச் சளி பிடித்துக்கொள்ளும் என்று அதை விட்டுவிட்டாள். இன்னோர் இடத்தில் நம்மைச் சட்டைபோல மடித்து ஒரு நாள் முழுக்க இரும்புப் பெட்டியில் வைத்திருப்பார்கள். நல்ல ஓய்வு என்று கேள்வி. என் இடுப்பு அதற்கு ஒத்துவராது. ஆக, விமானம் என்று முடிவானது.

நான் பயந்தாங்கொள்ளி. சித்திரைத் திருவிழா ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. ஆனால் இந்தப் பயம் உயரத்தைப் பற்றியது அல்ல. செண்பகம் சொல்லி வைத்திருந்த தேதியைப் பற்றியது.

நான் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவன் இல்லை. ஐப்பசியில், அடைமழையில் பிறந்தவன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிப்போனபோது, கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். எட்டிவிட்டது. தொட்டால் வயது சரி என்று அர்த்தம். பிறந்த தேதி கேட்டார். அப்பா மழையைப் பற்றிச் சொன்னார். தலைமையாசிரியருக்கு மழையை எழுதத் தெரியாது. பள்ளி திறந்த தேதியையே எனக்குப் பிறந்த தேதியாகப் போட்டார். எனக்கு மட்டுமல்ல, அன்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் அதுதான். என் வகுப்பே ஒரே நாளில் பிறந்த வகுப்பு.

"செம்பகம், நான் அன்னிக்குப் பொறக்கலயே" என்றேன்.

"ஊரு உலகத்துக்கே அதான உங்க பொறந்தநாளு. பேங்குக்காரன் வாழ்த்துச் சொல்லுதான், செல்போன்காரன் சொல்லுதான். நீங்க மட்டும் இல்லங்கீங்க."

"ஐப்பசிக்கு மாத்திக்கிடுவோமே."

"ஐப்பசியில என்ன தேதி?"

எனக்குத் தெரியாது. சொல்லக்கூடிய அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. விமானம் பிறந்த நாளுக்குப் போனதும், பிறந்த வீட்டுக்கு மேலே எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கும். குழந்தையின் முதல் அழுகை கேட்டதும் எஞ்சினைப் போட்டுத் திரும்பும். அழுகை கேட்காமல் திரும்பாது. அது அதன் வழக்கம். எஞ்சினை நிறுத்திய விமானம் வானத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை இதுவரை யாரும் கேட்கவேண்டி வரவில்லை. ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் சொன்ன தேதியில் சொன்னபடி அழுதுவிட்டார்கள்.

ஜூன் ஒன்றாம் தேதி காலையில் ஓடுதளத்துக்குப் போனால், என் வகுப்பு மொத்தமும் புதுச் சட்டையோடு வரிசையில் நின்றது. எல்லோர் வீட்டிலும் இதே விருந்துதான் போலிருக்கிறது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார்கள். செண்பகம் முந்தின நாளே ஆளைப் பிடித்து எனக்கு முதல் இடம் வாங்கி வைத்திருந்தாள். ரேஷன் கடையிலும் அவள் அப்படித்தான்.

தானியேல் அண்ணன்தான் அங்கே விமானத்தின் மூக்கில் இருக்கும் காற்றாடியைக் கையால் சுழற்றிவிடுகிறவர். என் தலையில் தோல் தொப்பியை மாட்டி, கண்ணாடியைக் கட்டிவிட்டார். "வேலாயுதம், நல்லா சாஞ்சு உக்காரு" என்றார்.

"அண்ணாச்சி, நான் ஐப்பசியில பொறந்தவன்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"மிஷின்கிட்ட தேதியச் சொல்லியாச்சு. இனிமே மாத்திச் சொன்னா கோவிச்சுக்கிடும்" என்றார் அவர்.

பயணி உட்கார முன் குழி, விமானி உட்காரப் பின் குழி. இந்த ரக விமானங்களில் அப்படித்தான். எனக்குப் பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள், வண்டி லேசாக அமுங்கியது. முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. எஞ்சின் பிடித்ததும் விளக்கெண்ணெய் வாசனை வந்தது. பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டில் அடிக்கும் அதே வாசனை.

"பயப்படாதீங்க, நான் இங்கனதான் நிக்கேன்" என்று செண்பகம் கீழே இருந்து கத்தினாள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். திரும்பி வரவேண்டும், அவள் அங்கே நிற்கவேண்டும்.

மேலே போனதும் காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்று, பிறகு இல்லாமல் போயின. நாலுவழிச் சாலை ஒல்லியாகி, ஒரு லாரி மட்டும் போகிற சாலையானது. செல்போன் கோபுரங்கள் மறைந்தன. எங்கள் தெரு ஓட்டு வீடுகளாகவும், பிறகு பாதி ஓலை வீடுகளாகவும் மாறியது. என் கல்யாண நாள் எப்போது கடந்தது என்று நான் கவனிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். பிறகு எஞ்சின் நின்றது.

அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. இறக்கைகளுக்கு நடுவே இருந்த கம்பிகள் மட்டும் மெல்ல முனகின. கீழே எங்கள் பழைய வீடு. வெயில் கொளுத்தியது. ஒரு மேகம் இல்லை. அம்மா குடத்தோடு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் மகளைவிடச் சின்ன வயசு. வயிறு லேசாக மேடிட்டிருந்தது. அதற்குள் இருந்தது நான். அழுவதற்கு எனக்கு இன்னும் மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது.

விமானி காத்திருந்தார். விமானம் இறங்கிக்கொண்டே காத்திருந்தது. வேப்பமரத்தின் உச்சி தெரிந்தது, அதில் இருந்த காக்கைக் கூடு தெரிந்தது, கூட்டில் கிடந்த முட்டையும் தெரிந்தது. "திருப்புங்க" என்று கத்தினேன். "நான் இன்னும் பொறக்கல, திருப்புங்க" என்றேன். அது அழுகை இல்லை, பேச்சு. பேச்சுக்கு விமானம் திரும்பாது.

செண்பகம் மிளகாய் நெடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுதளத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. இனி அவளைப் பார்க்கப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. விசும்பல் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு, வீல் வீலென்று, மூச்சு முட்ட அழுதேன். அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

பின்னால் யாரோ திருப்தியாகத் தொண்டையைச் செருமினார்கள். எஞ்சின் பிடித்தது. விமானம் வேப்பமரத்தை உரசிக்கொண்டு மேலே ஏறித் திரும்பியது. அம்மா நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு தண்ணீர் இறைக்கப் போனாள். வயிறு இருந்தபடியே இருந்தது.

ஓடுதளத்தில் செண்பகம் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அதாவது, ஐப்பசியில் பிறந்தவன். அம்மா அவனையும் உரிய காலத்தில் பெற்றிருக்கிறாள், அதில் தவறு ஒன்றும் இல்லை. என்னைவிட ஐந்து மாதம் இளையவன், ஆனால் முகத்தில் வித்தியாசம் தெரியாது. தானியேல் அண்ணன் என் தொப்பியைக் கழற்றிக்கொண்டே அவன் பக்கம் திரும்பி, "வேலாயுதம், ஒங்க அண்ணன் நல்லபடியா வந்துட்டாரு" என்றார். அப்பா பெயர் வைத்தது அவனுக்குத்தான். நான் வானத்தில் பிறந்ததால் எனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நான் செண்பகத்தை நோக்கி ஓடினேன். அவள் சட்டென்று ஒதுங்கி, சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க பெரியத்தான்" என்றாள். கணவனின் அண்ணனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் கையை எடுத்துவிட்டேன். தம்பி மனைவியின் கையைப் பிடிப்பது முறையில்லை.

"ரொம்பப் பயந்துட்டியாண்ணே?" என்று தம்பி கேட்டான். கேட்டுவிட்டு விமானத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். அவனும் பயந்தாங்கொள்ளிதான். வரிசையில் அடுத்தவன் ஏறப்போனான். "நல்லா வாயத் தொறந்து அழு" என்று அவன் காதில் சொன்னேன். சொல்லியிருக்கவேண்டுமா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

வீட்டில் முதல் இலை எனக்குப் போட்டார்கள். மூத்தவன் என்ற மரியாதை. செண்பகம் தலை நிமிராமல் பரிமாறினாள். பாயசப் பாத்திரத்தோடு வந்தவள் என் இலைக்கு முன்னால் தயங்கி நின்று, தம்பியைப் பார்த்து, "பெரியத்தானுக்குச் சக்கர வியாதி இருக்கா, கேளுங்க" என்றாள்.

எட்டு வருஷமாக என் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"இல்ல" என்றேன்.

டம்ளர் நிறைய ஊற்றினாள். பக்கத்து இலையில் இருந்து தம்பியும் டம்ளரை நீட்டினான். அவள் அவன் புறங்கையில் பட்டென்று ஓர் அடி வைத்து, அவனுக்கு ஒரு சொட்டுகூட ஊற்றாமல் போய்விட்டாள்.