மை எங்கே போகும்

ராயபுரத்தில் உறவுக்காரர் வீட்டுத் திருமணம். சர்ச் வாசலில் போட்டோவுக்கு நிற்கப்போன நேரத்தில் சாண்ட்ரா தன் கைக்குட்டை நுனியை நாக்கில் நனைத்து, ஆன்சியின் கழுத்துக்குக் கீழே அழுத்தித் தேய்த்தாள். சாண்ட்ரா ஆன்சியின் கணவன் சாவியோவுக்குத் தங்கை.

"இன்னா அண்ணி, பேனா மை ஒட்டிக்கினு கீது. போட்டோவுல அசிங்கமா வுழும்."

"அது போவாது, வுடு."

"ஏன் போவாது? கொஞ்சம் இரேன்."

தோல் சிவந்ததே தவிர புள்ளி போகவில்லை. நாத்தனாரிடம் விளக்கம் சொல்ல ஆன்சிக்கு அப்போது மனம் வரவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்தபின் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதற்கு முன்பே ஊசியால் மை ஏற்றி மூன்று புள்ளிகள் குத்தினார்கள். நெஞ்சு நடுவில் ஒன்று, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று. விலாவில் இருந்தவை ரவிக்கைக்குள் மறைந்துவிடும். நடுவில் இருந்தது மறையாது. காசிமேட்டில் மீன் விற்கும் பெண் கேட்டிருக்கிறாள். திருவொற்றியூரில் ஆன்சி வேலை பார்க்கும் லாரி எடை மேடைக்கு வரும் டிரைவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் மச்சம் என்றே சொல்லிவந்தாள்.

கல்யாணப் போட்டோ வந்தது. சிவந்த திட்டு, அதன் நடுவில் புள்ளி. அன்றே சாவியோவிடம் சொன்னாள், இதை எடுத்துவிட வேண்டும் என்று.

சாவியோ பெரம்பூர் ரயில் பெட்டி ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். "எள்ளு மாதிரி கீது. அதுக்குப் போயி எதுக்கு?" என்றான்.

"எள்ளுதான். கண்ணாடி முன்னாடி நின்னா, மூஞ்சிக்கு முன்னாடி அதான் என் கண்ணுக்குத் தெரியுது."

சனிக்கிழமை அவன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்தது அந்தத் தோல் மருத்துவமனை. காத்திருந்தவர்களில் ஒருவருக்குக் கழுத்தில் பச்சை குத்திய தேள், இன்னொரு பெண்ணுக்கு மணிக்கட்டில் யாருடைய பெயரோ. ஆன்சி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடையது இவற்றோடு சேருமா என்று தெரியவில்லை.

டாக்டர் உமைமா லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இதை யாரும்மா போட்டாங்க?"

"ஆஸ்பத்திரில."

டாக்டர் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார். "ரேடியேஷன் புள்ளியா? படிச்சிருக்கேன். எடுக்கச் சொல்லி என்கிட்ட யாரும் வந்ததில்ல." பிறகு சொன்னார்: "எடுக்கலாம். ஆனா அந்த ஆஸ்பத்திரிலேருந்து ஒரு லெட்டர் வேணும். மறுபடி எப்பவாவது சிகிச்சை கொடுக்கணும்னா இந்தப் புள்ளி அவங்களுக்குத் தேவைப்படலாம்."

ஷேர் ஆட்டோவில் வீடு வரும்வரை அந்த 'மறுபடி' ஆன்சியின் காதில் இருந்தது.

அடுத்த வாரம் அந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தனியாகவே போனாள். அளவெல்லாம் பதிவில் இருக்கிறது, புள்ளி தேவையில்லை என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் லெட்டர் கொடுத்துவிட்டார்கள். வெளியே வர வேண்டியவள் வரவில்லை. சரிவுப் பாதையில் இறங்கிக் கதிர்வீச்சு அறைப் பக்கம் நடந்தாள்.

அந்த இருபத்தைந்து நாளும் அங்கே படுத்திருந்திருக்கிறாள். சுற்றி என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஜெபமாலை எண்ணுவாள். அவ்வளவுதான்.

மெஷினை இயக்கும் மாசானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். முகம் பிடிபடவில்லை அவருக்கு. திருவொற்றியூர், எடை மேடை என்று சொன்னதும் சிரித்தார். "வேபிரிட்ஜ் அக்காவா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலை. அந்த ரூம ஒருவாட்டி பாக்கணும். சும்மாதான்."

மாசானம் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நோயாளி வர நேரம் இருந்தது. உள்ளே கூட்டிப்போய் விளக்கை அணைத்தார். இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் மெல்லிய பச்சை ஒளிக்கோடுகள் வந்து மேசைமேல் குறுக்கும் நெடுக்குமாக விழுந்தன.

"இந்தக் கோடுங்க உங்க மூணு புள்ளி மேலயும் சரியா விழணும். விழற வரைக்கும் மெஷினைப் போட மாட்டோம். தினமும் அதே இடத்துல நீங்க படுத்திருக்கீங்களான்னு இத வச்சுத்தான் பாப்போம்."

"லாரி நிறுத்துறா மாதிரி," என்றாள் ஆன்சி. "ஒரு சக்கரம் மேடைக்கு வெளிய இருந்தாலும் எடை தப்பாயிடும். முன்ன வா, பின்ன போன்னு கத்திக்கினே இருப்பேன்."

"அதேதான். உங்களைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்துன்னு நாங்களும் அதான் செஞ்சோம்."

அவள் பச்சைக் கோட்டுக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். கோடு விரல்மேல் ஏறி இறங்கியது. கதிர் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அந்த உறுமல் சத்தம் எதனுடையது என்று கேட்டாள். "என்னைப் படுக்க வச்சிட்டு எல்லாரும் ஏன் வெளிய ஓடிப்போயி கதவ மூடுனீங்க?"

"நீங்க ஒரு மாசத்தோட போயிடுவீங்க அக்கா. நாங்க தினம் அறுபது பேரோட நின்னு கதிர் வாங்க முடியுமா?"

ஆன்சி சிரித்துவிட்டாள்.

"அப்ப நீங்க ஒரு வார்த்தை பேச மாட்டீங்களே," என்றார் மாசானம்.

"பயம். கேட்டா பதில் சொல்லிடுவீங்கன்னு."

மூன்று புள்ளிகளையும் எடுக்கும் லேசர் சிகிச்சைக்குச் சாவியோவும் உள்ளே வந்தான். கண்ணில் மாட்டிக்கொள்ள அவனுக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்ம வெல்டிங் கண்ணாடியவிட லேசா கீதே," என்றான்.

'டிக்' என்று சத்தம். ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சுரீரென்றது. கருப்பாக இருந்த இடம் வெள்ளையாகிவிட்டதைக் கைக்கண்ணாடியில் பார்த்தாள்.

"போயிடுச்சா டாக்டர்?"

"இன்னும் இல்லம்மா. சூட்டுல உள்ள காத்துக் குமிழி வந்திருக்கு, அதான் வெள்ளை. மை தூளா உடைஞ்சிருக்கு. அந்தத் தூளை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போகும்."

"எங்க எடுத்துக்கினு போவும்?"

"கொஞ்சம் வெளிய போயிடும். மீதி, அக்குள்ல நெறி கட்டும் பாருங்க, அந்த முடிச்சுங்க, அங்க போய்த் தங்கிடும்."

ஆன்சி கைக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "எனக்கு இடது பக்கம் அந்த முடிச்சுங்கள ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க டாக்டர். பதினாலு. அப்போ அந்தப் பக்கத்து மை எங்க போவும்?"

உமைமா லேசர் முனையைக் கீழே வைத்தார். சாவியோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு டாக்டரைப் பார்த்தான்.

"தெரியலம்மா," என்றார் உமைமா. "வலது பக்கம் போகலாம். நெஞ்செலும்புக்குப் பின்னாடியும் முடிச்சுங்க இருக்கு, அங்க போகலாம். உறுதியா சொல்ல முடியல. படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

நான்கு வருடமாக எந்த மருத்துவரிடம் போனாலும் 'ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். தெரியவில்லை என்று ஒருவர் சொன்னதும் ஆன்சிக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

ஏழு வாரம் கழித்து இரண்டாவது முறை போனபோது டாக்டர் சில மருத்துவக் கட்டுரைகளில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். தன் பழைய பேராசிரியருக்கும் போன் செய்திருந்தாராம். வழி அடைபட்டால், மைத் தூளைக் கொண்டுபோகும் நிணநீர் வேறு பாதை பிடிக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் அது மாறும் என்றார். ஒரு பெண்ணுடல் படத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். இருவரும் தலை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த சில வாரங்களில் நடுப்புள்ளியும் வலப்புள்ளியும் போய்விட்டன. இடது விலாவில் கதிர் பட்ட தோல் மெலிந்திருந்ததால் அங்கே மேற்கொண்டு லேசர் வேண்டாம் என்றார் டாக்டர். சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு மிச்சம். ஆன்சி சரி என்றாள். இப்போது கண்ணாடி முன் நின்றால் முகம்தான் முதலில் தெரிகிறது. கன்னத்தில் பரவிவரும் கருந்திட்டுகளைக் கண்டு அதற்கும் ஒருநாள் டாக்டர் உமைமாவிடம் போக வேண்டும் என்று சாவியோவிடம் சொல்லிவைத்தாள்.

டிசம்பரில் புற்றுநோய் மருத்துவமனையில் வருடாந்திரப் பரிசோதனை. ஒவ்வொரு வருடமும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த முறை எடை மேடையின் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் பதினொரு கேள்விகள் எழுதி எடுத்துப்போனாள். சாவியோவுக்கு அது தெரியாது. அரைமணி நேரமாகியும் அவள் வெளியே வராததால், மறுபடி வந்துவிட்டதோ என்று பயந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"உக்காருப்பா," என்றாள் ஆன்சி, திரும்பிப் பார்க்காமல். "ஒண்ணுமில்ல. ஆறாவது கேள்விதான் போய்க்கினு கீது."